விக்கிபீடியா பணம் கேட்கிறது: கொடுக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்காகவோ, ஏதாவது ஒரு ஊரின் வரலாற்றைப் பார்க்கவோ விக்கிபீடியாவைத் திறக்கிறீர்கள். கட்டுரைக்கு மேலே ஒரு பெரிய பெட்டி வந்து நிற்கிறது. நன்கொடை தாருங்கள் என்று கேட்கிறது. 2020 ஆகஸ்ட்டில் இந்திய வாசகர்களிடம் இப்படி 150 ரூபாய் கேட்கப்பட்டது; பத்திரிகைகளிலும் செய்தியாக வந்தது. அதன் பிறகும் இந்தப் பெட்டி அவ்வப்போது தலைகாட்டுகிறது.

இதைப் பார்த்ததும் புதியவர்களுக்கு மூன்று சந்தேகங்கள் வரும். இது உண்மையா, மோசடியா? பணம் கட்டாவிட்டால் தளத்தை மூடிவிடுவார்களா? கொடுப்பதென்றால் பத்திரமாகக் கொடுப்பது எப்படி? மூன்றுக்கும் இந்தக் கட்டுரையில் விடை பார்ப்போம்.

இது யாருடைய தளம்?

விக்கிபீடியாவை 2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் தொடங்கினார்கள். தமிழ் விக்கிபீடியா 2003 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்க் கட்டுரைகள் உள்ளன. இவற்றை எழுதுபவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலதரப்பட்ட தன்னார்வலர்கள். எழுதுவதற்காக விக்கிபீடியா யாருக்கும் சம்பளம் தருவதில்லை.

தளத்தை நடத்தும் பொறுப்பு விக்கிமீடியா பவுண்டேஷன் என்ற அறக்கட்டளையிடம் இருக்கிறது. இது 2003 ஜூனில் அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்டது. லாப நோக்கமற்றது. விக்கிபீடியாவில் விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. ஆகவே வாசகர்களின் நன்கொடைதான் முக்கிய வருமானம்.

எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. வடலூரில் வள்ளலார் 1867 மே மாதத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கான நிலத்தைக் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். பசியோடு வருபவர்களுக்கு இன்றும் அங்கே சோறு போடுகிறார்கள். சாப்பிடுபவரிடம் யாரும் பணம் கேட்பதில்லை. ஆனால் அரிசியும் பருப்பும் சும்மா வருவதில்லை. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள். விக்கிபீடியாவும் இதே முறையில்தான் நடக்கிறது. வாசிப்பவர்கள் எல்லாரும் கொடுப்பதில்லை. நூறு வாசகர்களில் ஏறத்தாழ இரண்டு பேர்தான் கொடுக்கிறார்கள் என்று அறக்கட்டளையே தன் வேண்டுகோளில் சொல்கிறது. அந்த இரண்டு பேரின் பணத்தில் மற்ற 98 பேரும் படிக்கிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை, தளம் அமைக்கப்பட்டதே அதற்காகத்தான்.

பணம் எதற்குச் செலவாகிறது?

"எழுதுபவர்களுக்குச் சம்பளம் இல்லை என்றால் பணம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஒரு கட்டுரை உங்கள் மானிட்டரில் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். "திருப்பாதிரிப்புலியூர்" என்று டைப் செய்து தேடுகிறீர்கள். உங்கள் வேண்டுகோள் விக்கிபீடியாவின் சர்வருக்குப் போகிறது. முக்கிய சர்வர்கள் அமெரிக்காவில் வர்ஜீனியா, டெக்சாஸ் மாநிலங்களில் உள்ளன. ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போய் வந்தால் நேரமாகும். ஆகவே பலரும் பார்க்கும் பக்கங்களின் நகல்களை உலகின் வேறு சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். இதற்கு கேஷ் என்று பெயர். ஆசியாவுக்கான கேஷ் சர்வர்கள் 2018 முதல் சிங்கப்பூரில் இயங்குகின்றன. கடலூரிலிருந்து கேட்கும் பக்கம் பெரும்பாலும் அங்கிருந்தே வந்துவிடும். மொத்தக் கடையிலிருந்து சரக்கு வாங்கித் தெருமுனைக் கடையில் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது.

இந்த இயந்திரங்களுக்கான செலவுதான் அதிகமாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அறக்கட்டளை தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரையிலான ஆண்டுக்கு அது சொல்வது (தொகைகள் தோராயமானவை):

மொத்த வரவு: 18 கோடி டாலர்
மொத்தச் செலவு: 16.9 கோடி டாலர்
ஊழியர் சம்பளம்: 10.1 கோடி டாலர்
மற்ற அமைப்புகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் தந்த உதவித்தொகை: 2.4 கோடி டாலர்
இன்டர்நெட் ஹோஸ்டிங்: 31 லட்சம் டாலர்

அதாவது 100 ரூபாய் செலவில் சுமார் 60 ரூபாய் சம்பளம், 14 ரூபாய் உதவித்தொகை. ஹோஸ்டிங் செலவு 2 ரூபாய் கூட இல்லை.

ஹோஸ்டிங்குக்கு இவ்வளவு குறைவாகவும் சம்பளத்துக்கு இவ்வளவு அதிகமாகவும் போகலாமா? நான் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்ப்பவன் என்பதால் இதை என் தொழில் அனுபவத்திலிருந்து சொல்ல முடியும். சர்வரை வாங்கி வைப்பது எளிது. நடு இரவில் அது நின்றால் எழுந்து சரி செய்ய ஆள் வேண்டும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க, நூற்றுக்கணக்கான மொழிகளில் எழுத்து சரியாகத் தெரிய, மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் பக்கம் ஒழுங்காக வர, எல்லாவற்றுக்கும் ஆட்கள் வேண்டும். வழக்குகளைச் சந்திக்க வக்கீல்களும் வேண்டும். 2024ல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்தில் விக்கிமீடியா மீது வழக்குத் தொடர்ந்தது ஓர் உதாரணம்.

அதே நேரம், 10 கோடி டாலர் சம்பளம் தேவைதானா என்று கேட்கும் உரிமையும் கொடுப்பவருக்கு உண்டு. விக்கிபீடியாவில் எழுதும் தன்னார்வலர்களிலேயே பலர் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். கணக்கு வெளிப்படையாக இருப்பதால்தான் அப்படிக் கேட்க முடிகிறது.

இப்போது புதிய செலவு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் புரோகிராம்கள் விக்கிபீடியா பக்கங்களையும் படங்களையும் மொத்தமாக அள்ளிச் செல்கின்றன. 2024 ஜனவரிக்குப் பிறகு படங்கள், வீடியோக்கள் இறக்கப்படும் அளவு 50 சதவீதம் கூடிவிட்டது என்று அறக்கட்டளை 2025 ஏப்ரலில் தெரிவித்தது. மனிதர்கள் பெரும்பாலும் பலரும் பார்க்கும் பக்கங்களையே பார்ப்பார்கள். அவை கேஷில் இருக்கும். இந்தப் புரோகிராம்களோ யாரும் தொடாத பக்கங்களையும் விடாமல் கேட்பதால் முக்கிய சர்வர்களுக்கு வேலை கூடுகிறது. பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்துத் தகவல் பெற 2021ல் ஒரு தனிச் சேவையும் தொடங்கப்பட்டது. 2022ல் கூகுள் அதில் சேர்ந்தது. ஆனாலும் வாசகர் நன்கொடையோடு ஒப்பிட்டால் அந்த வருமானம் சிறியதுதான்.

கட்டாவிட்டால் மூடிவிடுவார்களா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பேரனுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, விக்கிபீடியாவுக்குப் பணம் கட்டலன்னா நிறுத்திடுவாங்களாமே? பையனுக்குப் பரீட்சை வருது. கட்டிடலாம்னு பாக்கறேன். வாட்ஸ்அப்ல ஒருத்தர் படம் அனுப்பியிருக்கார், அதை ஸ்கேன் பண்ணினா போதுமாம்" என்றார். அவர் காட்டிய படத்தில் விக்கிபீடியாவின் உருண்டைச் சின்னம் இருந்தது. அதன் கீழே ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் யாரோ ஒரு தனி நபரின் பெயர் வந்தது. "சார், இது அவங்களோடது இல்ல. பணம் அனுப்பாதீங்க" என்று சொல்லி நிறுத்தினேன்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, அவரை அவசரப்படுத்தியது பயம்தான். தளம் நின்றுவிடும், பேரனின் படிப்பு கெட்டுவிடும் என்ற பயம். எனவே உண்மை நிலவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

2003-04ல் அறக்கட்டளையின் ஆண்டு வரவு சுமார் 80 ஆயிரம் டாலர்தான். கையில் இருக்கும் சில சர்வர்களை வைத்துக்கொண்டு திண்டாடிய காலம் அது. இன்று நிலைமை அப்படி இல்லை. 2023 ஜூன் முடிவில் அறக்கட்டளையின் நிகரச் சொத்து சுமார் 25 கோடி டாலர். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுச் செலவுக்குப் போதுமானது.

இதைத் தவிர 2016ல் ஒரு நிரந்தர நிதியும் தொடங்கினார்கள். கோயில்களில் "கட்டளை" வைப்பது நமக்குத் தெரியும். ஒரு தொகையைப் பேங்கில் போட்டு, முதலைத் தொடாமல் வட்டியில் பூஜையோ அன்னதானமோ நடத்துவார்கள். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான் இது. பத்து ஆண்டுகளில் 10 கோடி டாலர் சேர்க்க நினைத்தார்கள். 2021லேயே சேர்ந்துவிட்டது.

ஆகவே நீங்கள் 150 ரூபாய் தராவிட்டால் விக்கிபீடியா நாளைக்கு நின்றுவிடாது. வேண்டுகோளின் வாசகங்கள் அப்படி ஒரு எண்ணத்தைத் தருகின்றன என்று 2022 நவம்பரில் ஆங்கில விக்கிபீடியாவின் தன்னார்வலர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன் பின் அறக்கட்டளை வாசகங்களை மாற்றியது.

அப்படியானால் கொடுக்கவே வேண்டாமா? அப்படியும் இல்லை. 2022-23ல் 75 லட்சத்துக்கும் அதிகமானோர் கொடுத்தார்கள். ஒருவர் கொடுத்தது சராசரியாக 11 டாலர் அளவுதான். இப்படிச் சிறு தொகையாகப் பலர் கொடுப்பதால், ஒரு பெரிய நிறுவனமோ அரசாங்கமோ "நான் பணம் தருகிறேன், இந்தக் கட்டுரையை எடுத்துவிடு" என்று மிரட்ட முடிவதில்லை. நீங்கள் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் பெரிய பலன் இதுதான். பயந்து கொடுக்காதீர்கள். விரும்பினால், தெரிந்து கொடுங்கள்.

உண்மையான பக்கம்தானா? சோதிக்கும் முறை

1. விக்கிபீடியாவின் பெட்டியில் உள்ள பட்டனையோ, பக்கத்தில் இருக்கும் "நன்கொடை" லிங்க்கையோ கிளிக் செய்திடுங்கள். வாட்ஸ்அப், இமெயில், எஸ்எம்எஸ் வழியாக வரும் லிங்க் எதையும் பயன்படுத்த வேண்டாம்.

2. பிரவுசரின் மேலே உள்ள அட்ரஸ் பாரைப் பாருங்கள். அது "டொனேட் டாட் விக்கிமீடியா டாட் ஆர்க்" என்று இருக்கும். அடுத்த பக்கத்தில் "பேமெண்ட்ஸ் டாட் விக்கிமீடியா டாட் ஆர்க்" என்று வரலாம். இரண்டும் சரியானவை.

3. முகவரியை வலது பக்கத்திலிருந்து படிக்கப் பழகுங்கள். முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால் கடைசியாக "விக்கிமீடியா டாட் ஆர்க்" என்று முடிய வேண்டும். "விக்கிமீடியா டாட் ஆர்க் டாட்" என்று போய் அதற்குப் பிறகும் வேறு பெயர் வந்தால் அது வேறு யாருடைய தளமோ. இந்த விதி உங்கள் பேங்க் தளத்துக்கும் பொருந்தும்.

4. அட்ரஸ் பாரில் பூட்டுப் படம் இருந்தால் தளம் நல்ல தளம் என்று அர்த்தமில்லை. வழியில் யாரும் தகவலைத் திருட முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மோசடித் தளமும் பூட்டுப் போட்டுக்கொள்ளும். குரோம் பிரவுசரில் 2023ல் இந்தப் பூட்டுப் படத்தையே மாற்றிவிட்டார்கள்.

5. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வதும் யுபிஐ பின் எண்ணைப் போடுவதும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போவதற்குத்தான். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

பணம் அனுப்பும் முறை

1. தொகையைத் தேர்ந்தெடுங்கள். காட்டப்படும் தொகைகள் யோசனை மட்டுமே. உங்களால் முடிந்ததை நீங்களே டைப் செய்யலாம்.

2. "ஒரு முறை", "மாதந்தோறும்" என்ற இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பணம் கட்டும்போது மாதந்தோறும் தர முடியுமா என்று கேள்வி வந்தாலும் நிதானமாகப் படித்துப் பதில் கொடுங்கள். ரிசர்வ் பேங்க் விதிப்படி 2021 அக்டோபர் முதல், இப்படித் தானாகப் பணம் எடுக்க முதலில் உங்கள் ஓடிபி ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பு பேங்க் தகவல் தர வேண்டும். அந்த எஸ்எம்எஸ் வந்தால் அலட்சியம் செய்ய வேண்டாம்.

3. இந்தியாவுக்கு என்று அந்தப் பக்கத்தில் காட்டப்படும் வழிகளில் உங்களுக்குப் பழக்கமான ஒன்றைப் பயன்படுத்துங்கள். வெளி பிரவுசிங் சென்டரிலோ மற்றவர் கம்ப்யூட்டரிலோ கார்டு எண்ணை டைப் செய்ய வேண்டாம்.

4. பணம் ஒரு இடைநிறுவனம் வழியாகப் போகலாம். அதனால் பேங்க் ஸ்டேட்மெண்டில் வேறு பெயர் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். தொகையும் தேதியும் சரியா என்று பாருங்கள்.

5. இமெயிலில் வரும் ரசீதைச் சேமித்து வையுங்கள். ஆனால் இதற்கு இந்திய வருமான வரியில் சலுகை கிடையாது. விக்கிமீடியா வெளிநாட்டு அமைப்பு என்பதே காரணம்.

கவனிக்க: தெரியாமல் மோசடிப் பக்கத்தில் பணம் கட்டிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்து, உங்கள் பேங்குக்கும் தெரிவித்திடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் திரும்பக் கிடைக்க அவ்வளவு வாய்ப்பு.

கொடுக்க விருப்பம் இல்லையா? பெட்டியின் மூலையில் உள்ள பெருக்கல் குறியைக் கிளிக் செய்திடுங்கள். பெட்டி மறைந்துவிடும். நீங்கள் மூடிய தகவல் குக்கி என்ற சிறு பைலாக உங்கள் பிரவுசரில் பதிவாகும். குக்கிகளை அழித்தால் பெட்டி மீண்டும் வரலாம். விக்கிபீடியாவில் கணக்குத் தொடங்கி லாக்-இன் செய்து படித்தால் பொதுவாக இந்தப் பெட்டி வருவதே இல்லை.

நம் தமிழ்த் தளங்கள்

நன்கொடை என்றதும் விக்கிபீடியா மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் "நூலகம்" என்ற தளம் 2005ல் தொடங்கப்பட்டது. ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், சிறு பிரசுரங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. 1981ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97 ஆயிரம் புத்தகங்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. அந்த இழப்பைத் தெரிந்தவர்களுக்கு, ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். இதை நடத்தும் நூலக நிறுவனமும் நன்கொடையை நம்பியே இயங்குகிறது. உலகம் முழுவதும் உள்ள தமிழர்கள் கொடுக்கிறார்கள்.

விக்கிபீடியாவுக்குத் தரும் 500 ரூபாய் ஒரு பெரிய ஏரியில் ஊற்றும் குடம் தண்ணீர். இப்படிப்பட்ட சிறிய அமைப்புக்குத் தரும் 500 ரூபாய் ஒரு தோட்டத்துக்குப் பாயும். எதற்குத் தருவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் இரண்டிலும் ஒரே விதிதான்: தளத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் விவரம் எடுங்கள், கணக்கு வெளியிடுகிறார்களா என்று பாருங்கள்.

பணமே வாங்காமல் நடக்கும் பணியும் உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அத்தகையது. பழைய தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களே டைப் செய்து, பிழை பார்த்து, இலவசமாக வழங்குகிறார்கள். அங்கே நன்கொடை என்பது உழைப்புதான்.

பர்ஸைத் திறக்காமல் கொடுப்பது

மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் பணம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரும் கொஞ்சம் நேரமும் இருந்தால் போதும்.

பிழை திருத்தலாம். தமிழ் விக்கிபீடியா கட்டுரையில் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் "தொகு" என்பதைக் கிளிக் செய்து திருத்திடுங்கள். வெளியிடும் முன் எப்படித் தெரியும் என்று முன்தோற்றம் பார்க்கலாம். தவறாகிவிட்டாலும் பயம் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிறது. யார் வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். தமிழில் டைப் செய்ய விக்கிபீடியாவுக்குள்ளேயே வசதி உண்டு.

மெய்ப்புப் பார்க்கலாம். தமிழ் விக்கிமூலம் என்ற தளத்தில் பழைய புத்தகங்கள் உள்ளன. ஒரு பக்கம் ஸ்கேன் செய்த படம், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் தானாகப் படித்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறமாகும். இன்னொருவர் சரிபார்த்ததும் பச்சையாகும். தமிழ் நன்றாகத் தெரிந்த பெரியவர்களுக்கு ஏற்ற வேலை.

படம் கொடுக்கலாம். பாடலீசுவரர் கோயில் தேரோட்டம், கெடிலம் ஆறு, தேவனாம்பட்டினம் கடற்கரை என நீங்களே எடுத்த போட்டோக்களை விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றலாம். அதை யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்குக்கூட, உங்கள் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடுதான் ஏற்ற முடியும். அது சம்மதமா என்று யோசித்து ஏற்றுங்கள். பிறர் எடுத்த படத்தையும், இன்டர்நெட்டில் கிடைத்த படத்தையும் ஏற்றக் கூடாது.

அந்த ஆசிரியருக்கு இந்த இரண்டாவது வேலையைத்தான் சொல்லிக் கொடுத்தேன். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவர் அல்லவா? ஒற்றுப்பிழை ஒன்றைக்கூட விடுவதில்லை. 150 ரூபாயையும் பிறகு நிதானமாக, சரியான பக்கத்தின் வழியாக, தன் விருப்பத்தோடு அனுப்பினார்.

அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்போது மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அது வேண்டுகோள்தான், பில் அல்ல. அவசரம் எதுவும் இல்லை, முகவரியைச் சோதிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. பணம் இல்லாவிட்டாலும் கொடுப்பதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும். இன்று ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தித் தொடங்குங்கள்.